கேட்காமல் வெட்டிய முடி

எழுதப் பழகியவர்கள் உட்காரும் இடத்தில் நான் வந்து உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதித் தேறியவள் நான். அதற்குப் பிறகு மகளுக்குப் போட்ட கடிதங்களையும் பால்காரருக்கு வைத்த துண்டுச் சீட்டுகளையும் தவிர எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள், முகம் தெரியாதவர்கள் படிக்கிற மாதிரி எழுத உட்கார்ந்தால் அது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், மகள் நர்ஸ் படிப்புக்காக மதுரைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். காரைக்குடி வீட்டில் நானும் கணவரும் மட்டும். அவர் ரைஸ்மில்லில் ஃபிட்டர். காலையில் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகல் எப்படியோ போய்விடும். சாயங்காலம் நாலரை மணிதான் பிடிபடாத நேரம். அது மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். கை தானாகவே இரண்டு டம்ளர் எடுக்கும், ஒன்றைத் திரும்ப வைக்கும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் ஓர் அறிவிப்பு வாசித்தார். தேவகோட்டை ரோட்டுப் பக்கம் கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, மடத்துச் சிஸ்டர் ஒருவர் மாலைப் பள்ளி ஆரம்பித்திருக்கிறாராம். நேரம் இருக்கிற பெண்கள் வந்து உதவலாம், சம்பளம் கிடையாது என்றார். அன்று முழுக்க அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"நீ ஒரு நாளைக்குப் பேசுறதே நாலு வார்த்தை. அதை வச்சு அந்தப் புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்ப?" என்றார்.

கேலிதான். ஆனால் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் போனபோது, பள்ளி நடந்த பழைய நெல் கோடவுனின் கேட் திறந்திருந்தது. உள்ளே இரண்டு கல்லூரிப் பெண்கள் சத்தமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதற்கோ அவசரமாகப் போகிறவள் மாதிரி நடையை எட்டிப் போட்டு அந்தப் பக்கம் போய், ஒரு கடையில் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் சிஸ்டர் வாசலிலேயே நின்றார். என்ன வேண்டும் என்றார். "இங்க தையல் கிளாஸ் நடக்குதா?" என்று கேட்டுவிட்டேன். இல்லை என்றார். சரி என்று திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் ரோட்டின் எதிர்ப்பக்கமாகப் போனேன். அவரே ரோட்டைக் கடந்து வந்தார்.

"இன்னைக்கும் தையல் கிளாஸ் இல்ல. ஆனா உள்ள வாங்க" என்றார்.

என்ன சொல்லிக்கொடுக்க வரும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"பேன் பாக்கத் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர்."

"அப்ப சரி. பாட்டுச் சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு. தலையில கை வைக்கத்தான் யாரும் வரமாட்டேங்கறாங்க."

இப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பத்தொன்பது பிள்ளைகள். அடிகுழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து முதுகைக் காட்டி என் முழங்காலுக்கு நடுவில் உட்காரும். வேப்பெண்ணெய் தடவி, பேன் சீப்பால் வாரி, ஈர்வலி போட்டு இழுத்து, பிறகு சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட வேண்டும். கழுவுகிற தண்ணீர் கரியாகவே ஓடும். பெற்றவர்களோடு மூட்டத்தடியில் கிடக்கிற பிள்ளைகள், அவர்களின் காது மடிப்பில்கூடக் கரி இருக்கும்.

ஒரே வாரத்தில் எனக்குப் பேன் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பேன் டீச்சர், அவளுக்கு இருபத்திரண்டு. எனக்குப் பதினாறுதானா? நல்லாப் பாருங்க."

"உனக்கு அம்புட்டுத்தான் இருக்கு."

"இந்தப் பக்கம் பாக்கவே இல்ல டீச்சர். அவளை மட்டும் ரொம்ப நேரம் பாத்தீக."

அந்தப் பிள்ளைகளிடம் எனக்குப் பேச்சு வந்தது. அவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால்தான் என்று நினைக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. என்ன சாப்பிட்டாய், நேற்று ஏன் வரவில்லை, கையில் என்ன புண் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர்களும் எதிரில் இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாம் சொல்வார்கள்.

அவர்களில் ஒரு பெண் பிள்ளை, ஆறு வயது இருக்கும். அதிகம் பேசாது. இடுப்பு வரை முடி. அந்த வயதுக்கு அவ்வளவு முடியை நான் பார்த்ததில்லை. எண்ணெய் காணாமல் செம்பட்டையாகி, பிடரிப் பக்கம் சிக்குப் பிடித்துக் கயிறு மாதிரி திரண்டிருந்தது. சீப்பு இறங்காது. விரலால் பிரித்தால் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொள்ளுமே தவிர அழாது. இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தவில்லை. மற்றப் பெண் பிள்ளைகளுக்குத் தோடு இல்லாவிட்டாலும் ஒரு வேப்பங்குச்சியாவது காதில் இருந்தது. பாவம், அதற்குக்கூட வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை இங்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தை மாதம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து பிள்ளைகளைப் பார்த்தார். மூன்று பேருக்குத் தலையில் புண் சீழ் வைத்திருக்கிறது, முடியை ஒட்ட வெட்டினால்தான் மருந்து பிடிக்கும் என்று சொல்லி ஒரு மருந்துப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று பேரில் இந்தப் பிள்ளையும் ஒன்று.

சிஸ்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மாமார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க. நீங்களே நேர்ல போய்க் கேட்டுருங்க."

இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளைக் கூப்பிட வாசலுக்கே வந்ததால் அங்கேயே கேட்டுவிட்டேன். இந்தப் பிள்ளையின் தாய் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. மூட்டம் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, கருவேலங்காட்டுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டேன். மண் பாதை திரும்புகிற இடம் வரை போனேன். தூரத்தில் புகை தெரிந்தது. ஒரு லாரி நின்றது. அதன் நிழலில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் குடிசைகளுக்குப் போக வேண்டும். போய் என்னவென்று ஆரம்பிப்பது, யாரைக் கேட்பது, அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று அங்கேயே நின்று யோசித்தேன். லாரிப் பக்கமிருந்து ஒருவர் என்னைப் பார்த்து எழுந்தார். நான் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தபோது கேட்டேன்.

"முடி வெட்டுனா அம்மா எதுவும் சொல்லுமா?"

பிள்ளை தலையை ஆட்டியது. சொல்லாது என்று எடுத்துக்கொண்டேன். பின்பக்கமிருந்து பார்ப்பவளுக்கு ஆமாம் என்று ஆட்டுவதும் இல்லை என்று ஆட்டுவதும் நன்றாகவே தெரியும். அது இரண்டும் இல்லாத ஆட்டல். எனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர் அந்தப் பக்கமாக வந்தார். "மூணு பேர் வீட்லயும் கேட்டாச்சா?"

"ஆச்சு சிஸ்டர்."

வீட்டிலிருந்து துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டு போயிருந்தேன். சிக்கு விழுந்த முடி சுலபத்தில் வெட்டுப்படாது. நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முழுதும் கையில் வந்தபோது அதன் கனம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே விரித்திருந்த பேப்பரில் சுருட்டி, மற்ற இரண்டு பேரின் முடியோடு சேர்த்து, மதிலோரம் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பேன் பரவக் கூடாது என்று வெட்டிய முடியை அப்படித்தான் செய்வோம். பிள்ளை தன் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அன்றுதான். புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நாலு வார்த்தைக்கு மேலேயே பேசினேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மருந்து எரிச்சலாக இருக்கலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், மூட்டத்திலிருந்து வருகிற இன்னொரு பெண் பிள்ளைக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக எதையோ சொல்கிற மாதிரி அது சொன்னது.

"டீச்சர், அவளை இனிமே விடமாட்டாகளாம்."

"ஏன்?"

"நீங்க முடியை வெட்டிட்டீகள்ல. அது சாமி முடியாம். அவ அம்மா அடுப்பு மூட்டாம உக்காந்து அழுதுச்சு. எங்கம்மாதான் அவுகளுக்கும் சேத்துச் சோறாக்குச்சு."

என் கை அந்தப் பிள்ளையின் தலையிலேயே நின்றுவிட்டது. காது குத்தாத காது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குலதெய்வத்துக்கு முதல் முடி இறக்காத பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடியை இறக்கி, அதே மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்காக ஆறு வருடம் கத்தி படாமல் வளர்த்த முடியைத்தான் நான் பேப்பரில் சுருட்டிக் கொளுத்தியிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை. கணவரிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "ஓரியூர் கோயில்ல நம்ம புள்ளைக்கு முடி இறக்கயில உன் தம்பி பஸ்ஸை விட்டுட்டான். அவன் வரட்டும்னு ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தோம். நாவிதர் போறேன் போறேன்னு நின்னாரு. நீதான், மாமன் மடியில்லாம கத்தி படக்கூடாதுன்னு புடிச்ச புடியா இருந்த. உனக்கா தெரியாது?"

எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் வெறும் காதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்களுடைய இல்லாமை மட்டும்தான். நம் வீட்டில் இருக்கிற முறைகள் அங்கேயும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"நான் வரவா?" என்றார் கணவர். வந்தால் நல்லது என்று உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அவர் வந்தால் அவர்தான் பேசுவார். நான் பின்னால் நிற்பேன். வேண்டாம் என்றேன்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில் அந்த மண் பாதையில் முழுதாக நடந்தேன். லாரி இல்லை. மூட்டத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கரியை வாரிச் சல்லடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. யார் அந்தத் தாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே, வயதில் மூத்த ஒரு பெண் சல்லடையை ஆட்டியபடியே சொன்னாள்.

"இந்தா வந்துட்டாக. எல்லாரும் தலையில துணியைப் போட்டு மூடிக்கங்கடி. கத்தரிக்கோலு கொண்டாந்தாலும் கொண்டாந்திருப்பாக."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. முகத்துத் துணியை இறக்கினாள். என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும்.

"எம் புள்ள முடியை எங்குட்டு வச்சிருக்கீக?" என்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "எரிச்சுட்டேன்ம்மா" என்றேன்.

"எரிச்சுட்டீகளா."

சல்லடை ஆட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"முடியாச்சும் இருந்தா மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சு, இப்படி ஆகிப்போச்சுன்னு அவன்கிட்டக் காமிச்சிருப்பேன். இப்ப என்னத்தக் காமிப்பேன்?"

அவன் என்று அவள் சொன்னது தன் தம்பியை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ செத்த கேதத்து வீட்டில் அவளுடைய கணவன் குடித்துவிட்டு அவனைக் கை நீட்டி அடித்துவிட்டான். அன்றோடு தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். வேறு உறவு என்று அவளுக்கு யாரும் இல்லை. பிள்ளை பிறந்தவுடன் மூச்சுத்திணறல் வந்து பிழைக்காது என்றபோது நேர்ந்துகொண்ட முடி அது. குலதெய்வத்துக்குச் சிவராத்திரியில்தான் முடி இறக்குவார்கள்; தம்பி வரட்டும், தம்பி வரட்டும் என்று நான்கு சிவராத்திரியைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். இந்த வருடம்தான் ஊர்க்காரர் ஒருவர் மூலம், வருகிறேன் என்று சொல்லி, கம்பெனி விலாசமும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். சிவராத்திரிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

"அவன் வந்து பாத்தா என்ன நெனப்பான்? மாமன்காரன் எதுக்குன்னு இவளே இறக்கிட்டான்னுதானே நெனப்பான்? நம்மள மதிக்கலன்னு வாசல்லயே திரும்பிருவான். அதுக்கப்புறம் எஞ்சென்மத்துக்கும் வரமாட்டான்."

"நான் அவர்கிட்டச் சொல்றேன்ம்மா" என்றேன். என் வாயா அது என்று எனக்கே இருந்தது.

"எப்படிச் சொல்வீக? திருப்பூருக்குப் போவீகளா?"

மூத்த பெண் குறுக்கிட்டாள். "எழுதத் தெரியும்ல. நாந்தேன் வெட்டுனேன், ஒங்கக்கா மேல பழி இல்லன்னு கைப்பட எழுதிப் போடட்டும்."

அன்றே தபால் ஆபீசுக்குப் போய் இன்லண்ட் லெட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பவும் போனேன். கரி மூட்டை மேல் பேப்பரை வைத்து உட்கார்ந்தேன். தாய் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"எந்தம்பிக்கு அக்கா எழுதிக்கிறது. நல்லா இருப்ப. நாங்க இருந்தா என்ன, செத்தா என்ன, ஒனக்கு என்ன வந்துச்சு."

"அதை எழுதாதீக" என்றாள் மூத்தவள். "வர்றவனும் வரமாட்டான்."

"எழுதுங்க. அவனுக்கும் ஒறைக்கட்டும்."

"ஏண்டி, முடி போனதுக்கு லெட்டரா, சண்டைக்கு லெட்டரா?"

நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். கடைசியில், நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் எழுதினேன். அப்போது தாய்க்கு அது தெரியாது. அந்தக் குடிசைகளில் எழுத்துத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதற்குக் கீழே என் பகுதியை எழுதினேன். உங்கள் அக்காவிடம் கேட்காமல் முடியை வெட்டியது நான். புண்ணுக்காக வெட்டினேன். கேட்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை. உங்கள் அக்காவுக்கு இது தெரியாது. என் பெயரையும் மாலைப் பள்ளியின் விலாசத்தையும் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள் தாய். படித்தேன். நாங்கள் இருக்கிறோம் என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிள்ளை குடிசை நிழலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டியிருந்தார்கள். புண் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கையை நீட்டினேன். பிள்ளை தாயைப் பார்த்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அவன் பதில் வராம இவளை அனுப்ப மாட்டேன். நீங்க வருத்தப்பட்டாலும் சரி" என்றாள் தாய்.

பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பதில் பள்ளிக்குத்தானே வரும், வீட்டுக்கு வராதே என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓடுவேன். பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். மூட்டத்துத் தாய்மார்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது பேர் பதினொன்றானார்கள். சிஸ்டருக்குக் காரணம் தெரியவில்லை.

"மூட்டத்துல வேலை ஜாஸ்தியோ? அந்தச் சின்னப் புள்ளையும் காணோம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியல சிஸ்டர்" என்றேன். முதல் பொய்க்குப் பக்கத்தில் இதுவும் போய் உட்கார்ந்துகொண்டது.

"நானே ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அவர் அப்படிச் சொன்னதிலிருந்து, சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போகும்போதெல்லாம் எந்தத் திசையில் திரும்புகிறார் என்று எட்டிப் பார்ப்பேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போவேன். ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும். வேலையையே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதும். அப்படி ஒரு சீட்டை எழுதவும் செய்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். நான் நின்றுவிட்டால், அந்தத் தம்பி வந்து கேட்கும்போது கடிதத்தில் இருக்கிற பெயருக்கு ஆள் இருக்காதே.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். மகளுக்குக்கூட நான் அந்த மாதம் கடிதம் போடவில்லை.

சிவராத்திரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு ஓர் ஆள் கேட்டில் வந்து நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லி. தோளில் ஒரு ரெக்சின் பை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருகிறவன் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் மடித்த நீலத்தாள்.

"இங்க லெட்டர் எழுதுனது யாரு?" என்றான்.

"என்ன லெட்டர்?" என்றார் சிஸ்டர்.

என் முழங்காலுக்கு நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஈர்வலி அதன் முடியில் மாட்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"நாந்தான்" என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

கல்லூரிப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதானா? நெசமாவே இப்படி ஒரு ஆளு இருக்கீகளா?" என்றான் அவன். "எங்கக்கா எதையும் செய்யும். தானே முடியை இறக்கிட்டு, யாரோ டீச்சரு எழுதுன மாதிரி எழுதிப் போட்டிருக்குன்னுதான் நெனச்சேன். கம்பெனியில கூட இருக்கிறவனுகளும் அதத்தான் சொன்னானுக. போகாதடா, உன்னைய ஏமாளியாக்குதுன்னு. அக்கா வீட்டுக்குப் போறதா, இப்படியே திரும்பி பஸ் ஏறுறதான்னு இங்க கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு வந்தேன். உள்ளதைச் சொல்லுங்க. எங்கக்காகிட்ட நீங்க கேட்டீகளா, இல்லையா?"

சிஸ்டர் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"கேக்கல" என்றேன்.

"கேக்கச் சொன்னாக, கேக்கலன்னு எழுதியிருக்கீக. யாரு கேக்கச் சொன்னது?"

"சிஸ்டர்."

"பெறகு ஏன் கேக்கல?"

"பயமா இருந்துச்சு."

"யாரைப் பாத்து? எங்கக்காவையா?"

"எல்லாரையும்" என்றேன்.

பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நீலத்தாளைப் பிரித்து ஒரு தரம் பார்த்தான். எழுத்தையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது.

"எங்கக்காவுக்குத் தெரியாமத்தான் வெட்டுனீக?"

"தெரியாமத்தான். தெரிஞ்சிருந்தா விட்டிருக்கவே மாட்டாங்க. நீங்க வருவீகன்னு வச்சிருந்த முடியாம். நான் போனப்போ முதல்ல கேட்டதே, முடி எங்கன்னுதான். திட்டக்கூட இல்ல."

"எங்கக்கா திட்டலையா?" என்றான். அதுதான் அவனால் நம்ப முடியாததாக இருந்தது போலிருக்கிறது. பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். "தலையில இப்ப எம்புட்டு முடி இருக்கு?"

விரலில் ஒரு கணுவைக் காட்டினேன். "இந்நேரம் இன்னும் கொஞ்சம் வளந்திருக்கும்."

"நாவிதனுக்குக் கத்தி வைக்க அது போதும்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வருகிற திசை அதுதான். "மூட்டம் எங்குட்டு இருக்கு?"

"அங்குட்டு. மண் பாதை திரும்பும். நேராப் போனா புகை தெரியும்."

அவன் போனான். ரோட்டைக் கடந்து மண் பாதைப் பக்கம் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டத்துப் பிள்ளை ஒன்று, கேட்காமலேயே, அவனுக்கு முன்னால் ஓடியது.

கல்லூரிப் பெண்கள் மறுபடியும் பாட்டை ஆரம்பித்தார்கள். சிஸ்டர் அங்கேயே நின்றார்.

"என்கிட்ட ஆச்சுன்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"எட்டுப் பிள்ளைங்க நின்னதும் இதனாலதானா?"

"ஆமா சிஸ்டர்."

வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வரவேண்டாம் என்று சொன்னால் போய்விடுவது என்றும், அழக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். அவர் ஸ்டூலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். ஈர்வலி இன்னும் அதன் தலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை எடுத்துவிடுங்க, வலிக்கும். நாளைக்கு வரும்போது கத்தரிக்கோலைக் கொண்டுவராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் தாயும் பிள்ளையும் தம்பியும் முடி இறக்க ஊருக்குப் போனதாக மூட்டத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். அன்று பள்ளிக்கு, நின்றுபோனவர்களில் இரண்டு பேரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வந்தார்கள். ஐந்து பேருக்குத் தலை பார்த்தேன்.